ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ.: கே.பி.ஜானகி அம்மாளை எந்தக் கணக்கில் வைப்பது?

வைகை வடகரை

மதுரையின் பழைய சட்டமன்ற உறுப்பினர்கள் பட்டியலை யார் போட்டாலும் கே.பி.ஜானகி அம்மாளுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது: மதுரை கிழக்கு, 1967, மார்க்சிஸ்ட் கட்சி. அடுத்த வரியில் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். 1967 மார்ச்சில் கூடிய அந்தச் சட்டமன்றம் 1971 ஜனவரியில், காலம் முடியும் முன்பே கலைக்கப்பட்டது. முழுதாக நாலு வருஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் சட்டமன்றத்துக்குப் போகவே இல்லை.

பிறந்தது 1917, மதுரையில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பாய்ஸ் கம்பெனியில் பாட்டு கற்று, ராஜபார்ட் என்ற கதாநாயகனுக்கு எதிரே ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக நின்று பேர் வாங்கினார். காங்கிரஸ், அதற்குள் சோசலிஸ்ட் அணி, பிறகு 1940 வாக்கில் கம்யூனிஸ்ட் கட்சி. யுத்த எதிர்ப்புப் பேச்சுக்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் தென்னிந்தியாவில் கைதான முதல் பெண் என்று சொல்லப்படுபவர். 1964 பிரிவில் மார்க்சிஸ்ட் பக்கம். 1992 மார்ச் 1 அன்று மறைந்தார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் பொதுவாழ்க்கை. அதில் சட்டமன்றம் ஒரு சின்னத் துண்டு. ஆனால் நம்முடைய ஆவணங்களில் அந்தத் துண்டு மட்டும்தான் பதிவாகிறது, அதுவும் "ஒரு முறை" என்ற குறையோடு. எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு முறை மட்டும் போன ஒருவரை நாம் எப்படி எடைபோட வேண்டும்? மதுரைக்காரர்கள் சொல்லுங்கள்.

கோரிப்பாளையத்தான்

அண்ணே, அந்தம்மா மேல மரியாதை உண்டு. ஆனா சட்டமன்ற உறுப்பினருன்னு பேச வந்தா அந்தக் கணக்குலதான் பேசணும்.

1967ல நடந்தது அலை. தி.மு.க. 174 இடத்துல நின்னு 137 ஜெயிச்சது. கூட்டணியில இருந்த சுதந்திராக் கட்சி 20, மார்க்சிஸ்ட் 11. காங்கிரசுக்கு மொத்தமே 51. மதுரையில அந்த அலை இன்னும் பலம். 1965 ஜனவரி 25ல இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல வடக்குமாசி வீதியில தகராறு ஆரம்பிச்சு, அந்தத் தீதான் மாநிலம் பூரா பரவுச்சு. அரிசித் தட்டுப்பாடு வேற. காங்கிரசை எதிர்த்துக் கூட்டணியில யாரை நிறுத்தியிருந்தாலும் மதுரையில கரை ஏறியிருப்பாங்க. நேர்மைக்குப் பேர் போன காங்கிரஸ் அமைச்சர் கக்கனே மேலூர்ல தி.மு.க.வோட ஓ.பி.ராமன்கிட்ட தோத்த வருஷம் அது. கக்கன் தோத்தது நேர்மை இல்லாததாலயா?

அதே மாதிரி 1971ல கூட்டணி இல்ல. மார்க்சிஸ்ட் தனியா நின்னு ஒரு இடம்கூட வரல. ஏத்திவிட்டதும் கூட்டணி, இறக்கிவிட்டதும் கூட்டணி. அப்ப அந்த நாலு வருஷத்தை வச்சு அவங்களை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம்னுதான் நான் சொல்றேன்.

ஆலைத்தெரு

கோரிப்பாளையத்துத் தம்பி சொல்ற சீட்டுக் கணக்கு சரி. ஆனா மதுரை கிழக்கு, மேற்கு ரெண்டு தொகுதியும் எப்படி மார்க்சிஸ்டுக்கு வந்துச்சுன்னு யோசிக்கணும். கூட்டணியில இடம் கேக்குறப்ப சும்மா தூக்கிக் குடுத்துற மாட்டாங்க. அங்க ஆளு இருக்கணும்.

1952ல பி.ராமமூர்த்தி ஜெயிலுக்குள்ள இருந்துக்கிட்டே மதுரை வடக்குல ஜெயிச்சாரு. அப்ப தி.மு.க. தேர்தல்ல நிக்கவே இல்ல. 1957ல கே.டி.கே.தங்கமணி மதுரை எம்.பி. அப்ப எந்த அலையும் இல்ல. இதுக்கெல்லாம் அடியில இருந்தது ஆலைத் தொழிலாளி. ஹார்வி மில்லு, மீனாட்சி மில்லு, பசுமலை மகாலட்சுமி மில்லு, அதுக்கு மேல கைத்தறி நெசவாளிங்க. சங்கு ஊதுறப்ப கேட்டு வாசல்ல நின்னு பேசுறதுதான் அன்னைக்குப் பொதுக்கூட்டம். ஷிப்டு முடிஞ்சு வர்றவன் களைச்சு வருவான், வீட்டுக்குப் போற அவசரம். அவனை நிக்கவைக்கணும்னா குரல் வேணும். ஜானகி அம்மா முதல்ல பாடுவாங்க, கூட்டம் நிக்கும், அப்புறம் பேசுவாங்க. எங்கப்பா மில்லுல இருந்தவரு, அந்தப் பேச்சைக் கேட்டவரு. மைக்கு இல்லாத நாடக மேடையில கடைசி வரிசை வரைக்கும் பாடிப் பழகின தொண்டை அது.

அலை வந்தப்ப கரை ஏறினாங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கரையைக் கட்டினதுல அவங்க கை இருக்கு.

திருமங்கலத்துக்காரி

நாடகம்னு பேச்சு வந்ததால எங்க ஊர் ஆளைப் பத்திச் சொல்லியே ஆகணும். விஸ்வநாத தாஸ். பிறந்தது சிவகாசி, வாழ்ந்தது திருமங்கலம். நினைவு இல்லம் இன்னைக்கும் எங்க ஊர்ல இருக்கு. முருகன் வேஷத்துல வந்து தேசப் பாட்டு பாடுவார், போலீஸ் மேடையிலேயே கைது பண்ணும், வெளியே வந்து மறுபடி அதையே பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்னைக்குச் சென்னையில வள்ளி திருமணம் ஆடிக்கிட்டிருக்கும்போதே, முருகனா மயில் மேல உட்கார்ந்தபடி உயிர் போச்சு.

அவர் மருத்துவர் சமூகம், அதாவது முடிதிருத்தும் சாதி. அவரோட சேர்ந்து வள்ளியா நடிக்கப் பேர் பெற்ற நடிகைகள் பலர் மறுத்தாங்க. மேடையில கை தொடணும், எதிர்ப்பாட்டு பாடணும், சேர்ந்து சாப்பிடணும். அந்தக் காலத்துல அது சின்ன விஷயமில்ல. அப்படிப்பட்ட சமயத்துல சேர்ந்து நடிக்க முன்வந்தவர் ஜானகி. சாதியைப் பத்தி அவர் எந்தக் கூட்டத்துலயும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடந்தது இது.

இன்னொன்னும் யோசிச்சுப் பாருங்க. நாடகத்துல நடிக்கிற பொண்ணுன்னா ஊர் என்ன பேசும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஸ்பெஷல் நாடகம் போடுற அக்காமார்கிட்ட இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவாங்க, வாடகைக்கு வீடு கிடைக்கிறதே பாடு. கணவரும் அதே மேடைதான், குருசாமி நாயுடு, ஆர்மோனியக்காரர். அந்த உலகத்துல இருந்து ஒரு பெண், 1967ல, ஓட்டு வாங்கி ஜார்ஜ் கோட்டைக்குள்ள போய் உட்கார்ந்தாங்க. அந்த அவையில பெண்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதே தேர்தல்ல எம்.ஜி.ஆர். பரங்கிமலையில ஜெயிச்சார். அதுக்கு முன்னாடி 1962லயே எஸ்.எஸ்.ஆர். தேனியில ஜெயிச்சார். சினிமா நடிகர் சட்டமன்றம் போனதைப் பத்தி நூறு கட்டுரை இருக்கு. ஸ்திரீபார்ட் போனதைப் பத்தி எத்தனை இருக்கு?

வைகை வடகரை

அக்கா சொன்னது மனதில் தைக்கிறது. நான் இதைத் தொடங்கக் காரணமான விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன்.

விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். பன்னிரண்டு கோரிக்கைகள். அதில் முதன்மையானது சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது. தலைவர்கள் பலர் வந்து நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. உடல் நலிந்து மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 13 அன்று அங்கேயே இறந்தார். தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் வாழ்நாள் காங்கிரஸ்காரர், காந்தியவாதி என்பதை மறந்துவிடக்கூடாது. அந்த உடலைப் பெற்றுக்கொண்டவர்கள் கே.டி.கே.தங்கமணியும் ஜானகி அம்மாளும். தத்தனேரி சுடுகாட்டில் எரியூட்டினார்கள்.

அடுத்து 1967 ஜூலை 18. அண்ணா முதலமைச்சர். ஆதித்தனார் பேரவைத் தலைவர். மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறுகிறது. அந்த அவையின் உறுப்பினர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெயருக்காகச் செத்தவரின் உடலை ஏற்றுக்கொண்ட பெண், அந்தப் பெயரை வைக்கும் அவையில் இடம் பெற்றிருந்தார். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14.

கோரிப்பாளையம் தம்பி, கூட்டணி ஏற்றிவிட்டது என்கிறீர்கள். ஏற்றிவிடட்டும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி எங்கே வந்தது என்று கேட்டால், எனக்கு 1956 அக்டோபர்தான் நினைவுக்கு வருகிறது. மதுரையில் இந்தச் சேதி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தத்தனேரி வழியாக தினம் போகிற எத்தனையோ பேருக்குத் தெரியாது.

பொன்னகரம் பையன்

சந்தேகம் ஒன்னு. மதுரை கிழக்குன்னா ஒத்தக்கடை, அழகர்கோயில் பக்கம்தானே? அங்க எங்க மில்லு வந்துச்சு?

ஆலைத்தெரு

தம்பி, இப்ப இருக்கிற கிழக்கு வேற. 2008 தொகுதி மறுசீரமைப்புல கோடு எல்லாம் மாறிருச்சு. இப்பக் கிழக்குல ஊராட்சிகதான் நிறைய. 1967ல கிழக்கு, மேற்கு, மத்தின்னு நகரத்தைப் பங்கு போட்ட தொகுதிக. பழைய ஜெயிப்பு தோல்விய இன்னைக்கு வரைபடத்துல வச்சுப் பாத்தா தப்பாத்தான் வரும்.

கோரிப்பாளையத்தான்

வடகரை அண்ணன் சொன்ன சங்கரலிங்கனார் விஷயம் பெரிய விஷயம், மறுக்கல. ஆனா நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. அவையில உட்கார்ந்து என்ன செஞ்சாங்க? தொகுதிக்கு என்ன வந்துச்சு? ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967 மே மாசம் சென்னைக்கும் கோவைக்கும் வந்துச்சு, மதுரைக்கு வரல. மில்லும் நெசவும் இருக்கிற ஊரு இது. கிழக்கும் மேற்கும் ஆளுங்கூட்டணிக் கையில இருந்துச்சு, நாடாளுமன்றத்துல ராமமூர்த்தியே மதுரை எம்.பி. இத்தனை பேரு இருந்தும் அது வரலையே. ஓட்டுப் போட்டவன் அதைத்தான் கேட்பான்.

அவைக்குறிப்பு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சட்டமன்ற நடைமுறை ஓரளவு தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இன்றைய எம்.எல்.ஏ.வை வைத்து 1967 எம்.எல்.ஏ.வை அளக்க முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி என்ற ஒன்று அன்று கிடையாது. அது 1990களில் வந்த ஏற்பாடு. நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்ளவும், போர்வெல் போட்டு அதைத் தன் சாதனை என்று சொல்லவும் அன்று வழியே இல்லை. அன்றைய உறுப்பினருக்கு இருந்த கருவிகள்: கேள்வி நேரம், துணைக் கேள்வி, மானியக் கோரிக்கை விவாதம் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவை ஒப்புதல் தருவது), வெட்டுத் தீர்மானம் (அந்தத் தொகையைக் குறைக்கக் கோருவது), கவன ஈர்ப்பு, பிறகு அமைச்சரிடமும் கலெக்டரிடமும் நேரில் கொண்டுபோகும் மனு. பதினோரு பேர் கட்சிக்கு விவாத நேரம் அதன் பலத்துக்கு ஏற்பத்தான் கிடைக்கும். அந்த நேரத்தையும் கட்சிக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அரிசித் திட்டம் பற்றி: அது அமைச்சரவை முடிவு, மானியச் செலவு தாங்காததால் மற்ற ஊர்களுக்கு விரியவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி தேர்தல் கூட்டணியில் இருந்ததே தவிர அமைச்சரவையில் இல்லை. தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்ததால் வெளியிலிருந்து நெருக்கடி கொடுக்கவும் இடமில்லை.

ஆனால் அந்த அவையைக் கவனியுங்கள். தமிழக வரலாற்றிலேயே கனமான அவைகளில் ஒன்று அது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்றாக்கிய திருத்தம், 1968 ஜனவரி 23 இருமொழிக் கொள்கைத் தீர்மானம், அண்ணாவின் மறைவு, கலைஞர் பொறுப்பேற்றது, நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், இத்தனையும் நாலு வருஷத்துக்குள். நடுவில் 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த செங்கொடிச் சங்கத்து மக்கள். மார்க்சிஸ்ட் உறுப்பினர்கள் யாருடைய ஆதரவில் அவைக்குப் போனார்களோ அதே தி.மு.க.வின் ஆட்சியில் இது நடந்தது. இந்தப் பதினோரு பேரும் அந்த அவையில் எந்த மனநிலையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கூட்டணி முறிந்ததைப் பேசும்போது சீட்டுக் கணக்கு மட்டும் பேசினால் போதாது.

ஒருவர் அவையில் என்ன செய்தார் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. யார் எந்தக் கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், எல்லாம் வரி வரியாக உண்டு.

திருமங்கலத்துக்காரி

நன்றி ஐயா. கூட்டணிப் பேச்சுக்குள்ள வேற ஒரு கேள்வி ஒளிஞ்சு கிடக்குன்னு எனக்குத் தோணுது.

1967ல மதுரை மேற்குல ஜெயிச்சவர் சங்கரய்யா. கிழக்குல ஜானகி அம்மா. ஒரே ஊர், ஒரே கட்சி, ஒரே தேர்தல். 1971ல கட்சி முழுசா வெளியே. 1977ல சங்கரய்யா மறுபடி சட்டமன்றம் போனார், இந்தத் தடவை மதுரை கிழக்குல இருந்து. 1980லயும் அதே கிழக்கு. சங்கரய்யா மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, 102 வயசு வரைக்கும் வாழ்ந்த தியாகி, அவையில அவர் பேச்சு தேவைதான். ஆனா கிழக்குல முன்னாடி ஜெயிச்ச பெண் இருந்தாங்களே? அவங்களுக்கு 1977ல அறுபது வயசு. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் உயிரோட இருந்தாங்க.

அடுத்து அதே கட்சியில பாப்பா உமாநாத், 1989ல திருவெறும்பூர், அவங்களும் ஒரே ஒரு முறை. பெண்களுக்காகவே உழைச்ச ரெண்டு தலைவிகள், ரெண்டு பேருக்கும் ஒரு முறை. பக்கத்துத் திண்டுக்கல்லுல பாலபாரதி வந்துதான் 2001, 2006, 2011னு தொடர்ந்து மூணு தடவை ஒரு பெண்ணை அனுப்ப முடிஞ்சது. மற்ற கட்சிகளோட ஒப்பிட்டா இதுவே பரவாயில்லைன்னு சொல்லுவீங்க. ஆனா நான் எதிர்பார்க்கிற அளவு வேற.

ஆலைத்தெரு

அம்மா, நீங்க கேக்கிறது நியாயம். ஆனா அவங்க பக்கத்துல இருந்தும் பாக்கணும். 1970கள்ல பாப்பா உமாநாத்தோட சேந்து ஜனநாயக மாதர் சங்கத்தை ஊர் ஊரா கட்டிக்கிட்டிருந்தாங்க. அந்த வேலைதான் 1981ல சென்னையில அகில இந்திய மாதர் சங்கமா விரிஞ்சது. ரேஷன் கடை, குடிதண்ணி, வரதட்சணைச் சாவு, போலீஸ் ஸ்டேஷன்ல புகார் வாங்க மாட்டேங்கிறது, இதுக்கெல்லாம் பெண்ணுங்களைத் தெருவுக்குக் கூட்டி வந்தது அந்தச் சங்கம். எம்.எல்.ஏ. பதவி போனதால வேலை நின்னு போன ஆளு இல்ல அவங்க.

நாடகத்துல சம்பாதிச்ச நகை நட்டு, பட்டுச் சேலை எல்லாத்தையும் கட்சிக்குன்னு வித்தவங்க. சட்டமன்றச் சம்பளத்தையும் கட்சிக்கிட்ட குடுத்துட்டு கட்சி குடுக்குற அலவன்ஸ வாங்கிக்கிறது அந்தக் கட்சியில வழக்கம். அப்படி வாழ்றவங்களுக்குப் பதவி போறது வருமானம் போறதில்ல.

திருமங்கலத்துக்காரி

அண்ணா, அவங்களுக்குப் பதவி தேவைப்படலைங்கிறது அவங்க பெருமை. அவங்க அவையில தேவைப்பட்டாங்களா இல்லையாங்கிறதுதான் என் கேள்வி. ரேஷன் கடை வரிசையில நின்ன பெண்ணுங்களோட பேசினவங்க, 1977ல இருந்து 1991 வரைக்கும் உணவுத்துறை மானியக் கோரிக்கை வர்றப்ப எழுந்து பேசியிருந்தா எப்படி இருந்திருக்கும்? தெருவுல பெண், சபையில ஆண்ங்கிற பங்கீட்டை யார் முடிவு பண்ணாங்க? தியாகம்னு சொல்லி அந்தக் கேள்வியை மூடிடாதீங்க. 2023ல பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டம் 106ஆவது திருத்தமா நிறைவேறினப்ப எனக்கு முதல்ல நினைவுக்கு வந்தது இவங்கதான்.

பொன்னகரம் பையன்

நன்மாறன் அய்யாவும் மதுரை கிழக்குதானே? வீடு கேட்டு கலெக்டர்கிட்ட மனு குடுத்தாருன்னு போன்ல செய்தி பார்த்தேன்.

கோரிப்பாளையத்தான்

ஆமா தம்பி. 2001, 2006 ரெண்டு தடவை. கிழக்குதான். 2021ல வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு, அரசு குடியிருப்புல ஒரு வீடு கேட்டு மனு குடுத்தாரு, அதே வருஷம் அக்டோபர்ல போய்ச் சேந்துட்டாரு. கக்கனும் மதுரை அரசு ஆஸ்பத்திரியில சாதாரண வார்டுல கிடந்தவருதான். இவங்களையெல்லாம் ஒரே பட்டியல்ல வச்சு எளிமை, எளிமைன்னு சொல்றது நமக்குச் சுலபம். அப்படிச் சொல்லிச் சொல்லி அவங்க அவையில என்ன பேசினாங்கங்கிறதை விட்டுடுறோம். கக்கன்னா சாதாரண வார்டு தெரியும், அவரு காலத்துல பொதுப்பணித்துறையில நடந்த வேலை யாருக்குத் தெரியும்? ஜானகி அம்மாவையும் நகையை வித்தவங்கன்னு மட்டும் வச்சுக்கிட்டா, அதுவும் ஒரு வரிதான்.

அதனால என் கேள்வியை நான் வாபஸ் வாங்கல. அவையில என்ன செஞ்சாங்க? குறிப்பு இருக்குன்னு ஐயா சொல்றாரு. அப்ப படிச்சுப் பாத்துருவோம்.

வைகை வடகரை

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டு படிக்கலாமா? 1967 மார்ச் முதல் 1970 முடிய, பட்ஜெட் கூட்டத்தொடர்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும்.

அவைக்குறிப்பு

பட்ஜெட் தொடரில் தொடங்குங்கள், மானியக் கோரிக்கைகள் அங்கேதான் வரும். தொழிலாளர் நலம், கைத்தறி, உணவு, காவல்துறை ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். பெயர் அட்டவணையில் "ஜானகி அம்மாள், கே.பி." என்று மட்டும் தேடி நிறுத்திவிட வேண்டாம். கேள்விகளில் பல உறுப்பினர்களின் பெயர் சேர்ந்து வரும், துணைக் கேள்வி கேட்டவர் பெயர் உள்ளே நடுவில் இருக்கும். பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் தொகுதி எண், தேதி, பக்கம் மூன்றையும் எழுதுங்கள்.

கோரிப்பாளையத்தான்

காவல்துறை மானியம் எனக்கு. வெண்மணிக்கு அடுத்து வந்த 1969 பட்ஜெட் தொடர்.

திருமங்கலத்துக்காரி

உணவு எனக்கு. சுயமரியாதைத் திருமணச் சட்டம் விவாதத்துக்கு வந்த நாளையும் சேர்த்தே எடுத்துக்கிறேன்.

ஆலைத்தெரு

தொழிலாளர் நலமும் கைத்தறியும் எங்கிட்ட விடுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கிறேன்.